அம்மா பார்க்கும் மின்தாள் பலகை: பேட்டரி தீர்ந்த பிறகும் பழைய எண்ணையே காட்டுகிறது, என்ன செய்யலாம்?

#1 தொட்டிநீர்

நான்கு மாதமாக எங்கள் மதுரை வீட்டின் சமையலறை வாசலில் ஒரு மின்தாள் பலகை (மின்னூல் கருவிகளில் வரும் இ-பேப்பர் திரை) தொங்குகிறது. நானே செய்தது. ஆடி அமாவாசை அன்று அது அம்மாவைத் தவிக்க விட்டுவிட்டது. அதை எப்படிச் சரிசெய்வது என்று கேட்கத்தான் இந்த இழை.

முதலில் பலகையைப் பற்றி. ஏழரை அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரை, 800×480 புள்ளிகள். பின்னால் வைஃபை உள்ள சிறு கட்டுப்பாட்டுக் கணினியான ஒரு இஎஸ்பி32 அட்டை, 18650 வகை லித்தியம் பேட்டரி ஒன்று. வீட்டுச் சர்வர், ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் ஓடும் ஹோம் அசிஸ்டென்ட் என்ற வீட்டுத் தானியக்க மென்பொருள். திரையில் மூன்றே வரிகள்: மேல் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு, மோட்டார் ஓடுகிறதா, இந்த இரண்டு மாதக் கணக்கில் மின்சாரம் எத்தனை யூனிட் ஆகியிருக்கிறது. கீழே இரண்டு பொத்தான்கள்: ஒன்று மோட்டாரைப் போட, மற்றொன்று நிறுத்த. விளக்கு, மின்விசிறி எதையும் சேர்க்கவில்லை. அவற்றுக்குச் சுவரில் சுவிட்ச் இருக்கிறது.

அம்மாவுக்கு 71 வயது, முட்டி வலி. முன்பெல்லாம் தொட்டியைப் பார்க்க மொட்டை மாடிக்கு ஏறுவார். கைப்பேசியில் செயலி போட்டுக் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி, கைப்பேசியைத் தேடி, செயலியைத் திறப்பதற்குள் மாடிக்கே போய் வந்துவிடலாம் என்றார். பலகை வந்த பிறகு படி ஏறுவதை நிறுத்திவிட்டார். எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு பேட்டரி தீர்ந்திருக்கிறது. மின்தாளில் மின்சாரம் போனாலும் எழுத்து மறையாது. ‘தொட்டி 85%’ என்றே இரண்டு நாளும் காட்டியபடி இருந்திருக்கிறது. படையலுக்கு உறவினர்கள் வந்திருந்த நேரத்தில் குழாயில் காற்றுதான் வந்தது. கீழே சம்ப்பிலிருந்து குடத்தில் மொண்டு சமாளித்திருக்கிறார்கள். நான் அன்று சென்னையில். மாலையில் பேசியபோது, “நிறைந்திருப்பதாகத்தானே அது சொன்னது” என்று மட்டும் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

மூன்று கேள்விகள். உயிரில்லாத பலகை தனக்கு உயிரில்லை என்பதை எப்படிச் சொல்லும்? கணக்குப்படி இரண்டு மாதம் வர வேண்டிய பேட்டரி ஏன் பதினைந்து நாளில் தீர்கிறது? அட்டைக்கு நிரல் எழுத நான் பயன்படுத்தும் இஎஸ்பிஹோமில் தமிழ் எழுதினால் ஏன் கொம்பெல்லாம் இடம் மாறி விழுகிறது? இப்போதைக்கு ஆங்கில எழுத்தில்தான் வைத்திருக்கிறேன், அம்மாவுக்கு அது பழக்கமாகிவிட்டது என்றாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

#2 கம்பிச்சுருள்

பேட்டரிக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. பலகை எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை உறக்கத்திலிருந்து விழிக்கிறது? என்ன அட்டை? யுஎஸ்பி துளையும் சிவப்பு விளக்கும் கொண்ட சாதாரணப் பயிற்சி அட்டையா?

#3 தொட்டிநீர்

ஆம், அதேதான். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை விழிக்கிறது. விழித்து, வைஃபை பிடித்து, வரைந்து, உறங்கப் பதினைந்து விநாடி. பேட்டரி 2500 மில்லிஆம்பியர்-மணி.

#4 கம்பிச்சுருள்

அப்படியானால் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

விழித்திருக்கும்போது சராசரி 100 மில்லிஆம்பியர் என்று வையுங்கள். பதினைந்து விநாடிக்கு ஏறக்குறைய 0.42 மில்லிஆம்பியர்-மணி. நாளுக்கு 96 முறை, மொத்தம் 40. 2500-ஐ 40-ஆல் வகுத்தால் அறுபத்திரண்டு நாள். நீங்கள் போட்ட இரண்டு மாதக் கணக்கு இதுதான், இதில் பிழையில்லை.

நீங்கள் விட்டது உறக்கநிலையை. இஎஸ்பி32 சில்லு உறங்கும்போது சுமார் 10 மைக்ரோஆம்பியர்தான் இழுக்கும். ஆனால் அதைத் தாங்கும் அட்டை உறங்குவதில்லை. அதில் இருக்கும் 1117 வகை மின்னழுத்தச் சீராக்கி சும்மா இருப்பதற்கே சுமார் 5 மில்லிஆம்பியர் தின்னும். நாளுக்கு 120. ஆக மொத்தம் 160. 2500-ஐ 160-ஆல் வகுத்தால் பதினைந்தரை நாள். நீங்கள் சொன்ன பதினைந்து நாள் கணக்கில் அப்படியே வந்து நிற்கிறது.

இரண்டு வழி உண்டு. ஒன்று, பேட்டரிக்கென்றே செய்த, உறக்கத்தில் மைக்ரோஆம்பியர் அளவில் நிற்கும் அட்டை வாங்குங்கள். இரண்டாவது, பேட்டரியே வேண்டாம். சமையலறை வாசலில் மின்சாரம் இல்லையா? சுவிட்ச்போர்டிலிருந்து ஐந்து வோல்ட் இழுத்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை. நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

#5 சுவர்மாட்டி

நேரே ஒரு ஆண்ட்ராய்டு டேப்லட்டைச் சுவரில் மாட்டிவிட்டால் என்ன? வண்ணம், தொடுதிரை, தமிழ் எல்லாம் தயாராக வரும். இவ்வளவு பாடு எதற்கு?

#6 தொட்டிநீர்

முதலில் அதைத்தான் மாட்டினேன் ஐயா. ஓயாமல் சார்ஜில் கிடந்ததில் ஒன்பதாம் மாதம் பேட்டரி உப்பி, பின்மூடி பிளந்துவிட்டது. இரவில் கூடமெல்லாம் அதன் வெளிச்சம். அம்மாவுக்குத் தூக்கம் கெட்டது. மின்தாள் தாளைப் போலச் சுவரோடு சுவராக இருக்கிறது, கேட்டால்தான் பேசுகிறது. எனக்கு அந்தக் குணம்தான் பிடித்தது.

கம்பிச்சுருள், கணக்குக்கு நன்றி. கம்பி இழுக்கச் சுவரை வெட்ட வேண்டும், அம்மா சம்மதிக்க மாட்டார். அட்டையை மாற்றுகிறேன்.

#7 இரவுப்பணி

உங்கள் முதல் கேள்விக்கு எழுத வந்தேன். நான் ஓர் ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் பணிபுரிகிறேன். அமாவாசை அன்று உங்கள் வீட்டில் நடந்தது எங்கள் துறையில் மிகப் பழைய ஆபத்து. திரையில் எண்ணே இல்லையென்றால் மனிதர் எழுந்து போய்ப் பார்ப்பார். தவறான எண் இருந்தால் பார்க்க மாட்டார். அதனால் எங்கள் திரைகளில் ஒவ்வோர் எண்ணோடும் அதன் தரமும் சேர்ந்தே வரும்: நல்லது, கெட்டது, ஐயத்துக்குரியது. கருவியோடு தொடர்பு அறுந்தால் எண் இருந்த இடத்தில் எண் இருக்கக் கூடாது.

சாதாரணத் திரை மின்சாரம் போனால் இருண்டுவிடும், அதுவே ஓர் அறிவிப்பு. மின்தாள் இருளாது. நுண்ணிய குமிழ்களுக்குள் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும் எதிரெதிர் மின்னூட்டத்தோடு மிதக்கின்றன. மின்புலம் தள்ளிய இடத்தில் அப்படியே நின்றுவிடும். மின்னூல் படிப்பவருக்கு அது வரம். நிலைமையைக் காட்டும் பலகைக்கு அதுவே ஆபத்து. எனவே பழுது எங்கெங்கே வரலாம் என்று பிரித்துப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் தனியாக வழி செய்ய வேண்டும்.

பேட்டரி தீர்வது முதலாவது. இது திடீரென்று வருவதில்லை. விழிக்கும் ஒவ்வொரு முறையும் மின்னழுத்தத்தை அளந்து, 3.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் எல்லா எண்களையும் அழித்து, திரை முழுக்க ‘பேட்டரி தீர்ந்தது, மாடியில் பார்க்கவும்’ என்று வரைந்துவிட்டு நிரந்தரமாக உறங்கச் செய்யுங்கள். உங்களைக் கவிழ்த்த அதே குணம் இங்கே கைகொடுக்கும். கடைசியாக எழுதியது எத்தனை நாளானாலும் அழியாது.

வைஃபை கிடைக்காமல் போவது அடுத்தது. இரண்டு முறை தொடர்ந்து தோற்றால் ‘தொடர்பு இல்லை’ பக்கத்தை வரையச் சொல்லுங்கள். உறக்கத்திலும் அழியாத சிறு நினைவகம் இஎஸ்பி32-இல் இருக்கிறது, தோல்வி எண்ணிக்கையை அங்கே வையுங்கள்.

மூன்றாவதுதான் கடினம்: பலகை காரணமில்லாமல் உறைந்துவிடுவது. அது எதையும் வரைய முடியாது. அதற்கு நான் சொல்வது, ‘கடைசியாகப் பார்த்தது 6:30’ என்று எழுதாதீர்கள். ‘இந்தத் தகவல் 6:50 வரை செல்லும்’ என்று எழுதுங்கள். முதலாவதைப் படிப்பவர் பதினைந்து நிமிடக் கணக்கை மனத்தில் வைத்துக் கூட்ட வேண்டும். இரண்டாவதற்குக் கடிகாரத்தைப் பார்த்தாலே போதும், மருந்து அட்டையில் காலாவதி தேதி பார்ப்பது போல. நேரத்தோடு கிழமையையும் போடுங்கள். இல்லாவிட்டால் செவ்வாய் மாலை 6:50 புதன் மாலையிலும் சரியாகத்தான் தெரியும்.

#8 தொட்டிநீர்

இதை மூன்று முறை படித்தேன். ‘வரை செல்லும்’ என்ற யோசனை எனக்கு வரவே இல்லை. சுவர்க்கடிகாரம் பலகைக்கு நேர் மேலேயே இருக்கிறது. இன்றிரவே மாற்றுகிறேன்.

#9 கம்பிச்சுருள்

இரவுப்பணி சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். தொட்டி அளவி எம்கியூடிடி (கருவிகள் சர்வர் வழியாகச் செய்தி பரிமாறும் முறை) வழியாக அனுப்புகிறதா? கடைசிச் செய்தியைச் சர்வரே வைத்திருக்கச் செய்யும் ‘ரிட்டெயின்’ போட்டிருக்கிறீர்களா?

#10 தொட்டிநீர்

ஆம். பலகை பெரும்பாலும் உறங்குவதால், விழித்தவுடன் கடைசிச் செய்தி கிடைக்க வேண்டும் என்று போட்டேன்.

#11 கம்பிச்சுருள்

போட்டது சரிதான், ஆனால் அதே நோய் அங்கேயும் ஒளிந்திருக்கிறது. மாடியில் அளவி செத்துவிட்டது என்று வையுங்கள். அது கடைசியாக அனுப்பிய 85 சர்வரிடம் பத்திரமாக இருக்கும். பலகை விழித்துக் கேட்கும், சர்வர் 85 என்று கொடுக்கும், பலகை அதன் மேல் புத்தம் புதிதாக ‘6:50 வரை செல்லும்’ என்று முத்திரை குத்தும். பழைய பொருளுக்குப் புதுத் தேதி.

ஹோம் அசிஸ்டென்டில் எம்கியூடிடி அளவிகளுக்கு ‘எக்ஸ்பயர் ஆஃப்டர்’ என்றோர் அமைப்பு இருக்கிறது. இத்தனை விநாடி செய்தி வராவிட்டால் அளவு கிடைக்கவில்லை என்று அதுவே குறித்துவிடும். 1800 என்று போடுங்கள். பலகை எம்கியூடிடியை நேரே கேட்காமல் ஹோம் அசிஸ்டென்டைக் கேட்கட்டும். கிடைக்கவில்லை என்று வந்தால் எண்ணுக்குப் பதில் ‘தெரியவில்லை’ என்ற சொல்.

அளவி என்ன வகை? ஒலியலை என்றால் தொட்டியின் வாயிலிருந்து நீர்மட்டம் இருபது சென்டிமீட்டருக்குள் வரும்போது தவறான எண் தரும். நீர்புகாத மலிவு வகைகளில் கிட்டத்தில் அளக்க முடியாத பகுதி அவ்வளவு இருக்கிறது. மூடியிலிருந்து ஒரு குழாய்த் துண்டை மேலே உயர்த்தி அதன் உச்சியில் பொருத்துங்கள்.

#12 பழையவானொலி

நாற்பது ஆண்டு வயரிங் வேலை செய்து ஓய்வு பெற்றவன். தம்பிகள் திரையைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு மோட்டாரைப் பற்றித்தான் கவலை.

பொத்தானை அமுக்கினால் மோட்டார் ஓடுகிறது என்றால் நடுவில் என்ன இருக்கிறது? நீல நிறச் சிறு ரிலே அட்டையா? அதில் 10 ஆம்பியர் என்று அச்சடித்திருப்பதை நம்பாதீர்கள். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது இழுப்பது குறைவுதான், ஆனால் கிளம்பும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். ரிலேயின் தொடுமுனை பற்றவைத்தது போல ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் ‘நிறுத்து’ பொத்தானை எத்தனை முறை அமுக்கியும் பயனில்லை. சிறு ரிலே ஒரு கான்டாக்டரின், அதாவது மோட்டாரின் பளுவைத் தாங்கும் பெரிய ரிலேயின், சுருளை இயக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும்.

இன்னொன்று. மோட்டாரைப் போட்ட பிறகு வைஃபை போய்விட்டால் யார் நிறுத்துவது? நேரக்கட்டுப்பாடு மோட்டார்ப் பெட்டியிலேயே இருக்க வேண்டும். இருபது நிமிடத்தில் தொட்டி நிறையும் என்றால் இருபத்தைந்தாவது நிமிடம் அந்தப் பெட்டியே யாரையும் கேட்காமல் நிறுத்த வேண்டும். சம்ப் வற்றினால் நிறுத்த ஒரு மிதவை சுவிட்ச், கம்பி வழியாக. பலகையின் பொத்தான் வேண்டுகோள்தான் வைக்கலாம், கட்டளை போடக் கூடாது. பழைய ஸ்டார்ட்டரையும் எடுத்துவிடாதீர்கள். அம்மாவின் கை அதை அறியும்.

#13 தொட்டிநீர்

ஐயா, ஸ்டார்ட்டர் அப்படியே இருக்கிறது. கான்டாக்டரும் இருக்கிறது. மோட்டார்ப் பெட்டியில் தனி நேரக்கட்டுப்பாடு இல்லை, சர்வர்தான் நிறுத்துகிறது. நீங்கள் சொன்ன பிறகு பயமாக இருக்கிறது. அதை முதலில் செய்கிறேன், திரை பிறகு.

#14 சுவர்மாட்டி

மூவண்ண மின்தாளும் கிடைக்கிறதே. தொட்டி குறைந்தால் சிவப்பில் காட்டலாம். பெரியவர்களுக்கு நிறம்தானே முதலில் கண்ணில் படும்?

#15 இரவுப்பணி

நோக்கம் சரி, கருவி ஒத்துவராது. சிவப்புத் துகள் மெதுவாக நகரும். ஏழரை அங்குல மூவண்ணத் திரை ஒருமுறை மாற பதினைந்து விநாடிக்கு மேல் மினுக்கிக்கொண்டே இருக்கும். கறுப்பு வெள்ளையே முழுதாக மாறச் சில விநாடி ஆகும். பொத்தான் இருக்கும் பலகையில் அந்தத் தாமதம் ஆபத்து: ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்து மறுபடி அமுக்குவார்கள். எச்சரிக்கைக்கு வரியைத் தலைகீழாக்குங்கள், கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து. கூடத்தின் மறுகோடியிலிருந்தே தெரியும்.

பொத்தானை அமுக்கியதும் திரைக்காகக் காத்திருக்காமல் ஒரு சிறு விளக்கு எரிந்து அணையட்டும், அல்லது ஒரு ‘டிக்’ ஒலி. கை கேட்ட கேள்விக்கு அந்த நொடியிலேயே ஏதாவது பதில் வேண்டும்.

#16 சுழியெழுத்து

மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை, அது என் பகுதி.

கணினி எழுத்துகளை எண்களாகச் சேமிக்கிறது, யூனிகோடு அதற்கான பொது முறை. அதில் ‘மே’ என்பது இரண்டு எண்கள்: முதலில் ம, பிறகு ஏகாரக் குறி. நாம் எழுதும்போது கொம்பு முன்னால் வரும், சேமிக்கும்போது பின்னால். கணினியிலும் கைப்பேசியிலும் அதை இடம் மாற்றி வைக்க ஹார்ஃப்பஸ் போன்ற வடிவமைப்பு நிரல் இருக்கிறது. இஎஸ்பிஹோம் எழுத்துருவிலிருந்து ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு படத்தை எடுத்து வரிசையாக அடுக்குவதோடு சரி. அதனால்தான் ‘மேல்’ என்பது ம, அடுத்து கொம்பு, அடுத்து ல் என்று சிதறுகிறது. ‘தொட்டி’யில் கொம்பும் காலும் சேர்ந்தே ஒரு பக்கம் போய்விடும். ‘டி’, ‘கு’, ‘மூ’ போன்றவற்றுக்கு உரிய ஒட்டிய வடிவமே வராது. உங்கள் நிரலில் பிழை தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மூன்று வழிகள் எனக்குத் தெரியும்.

சர்வரில் முழுப் பக்கத்தையும் வரைந்து, ஒரு புள்ளிக்கு ஒரு பிட் வீதம் படமாக அனுப்புவது. 800×480 என்றால் 48,000 பைட். இஎஸ்பி32 தாங்கும். எழுத்து மிகச் சரியாக வரும். ஆனால் சர்வர் இல்லாத நேரத்தில் பலகையால் ‘தொடர்பு இல்லை’ என்றுகூடத் தமிழில் எழுத முடியாது. இரவுப்பணி சொன்ன ‘தொடர்பு இல்லை’ பக்கம் சர்வர் கிடைக்காதபோதுதான் வர வேண்டியது என்பதைக் கவனியுங்கள்.

அடுத்தது டேஸ்16. 2010-இல் தமிழக அரசு யூனிகோடோடு சேர்த்து ஏற்ற குறியாக்கம் அது. ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண். ‘மே’ ஒரே எண், ‘தொ’ ஒரே எண். கணினி உலகம் யூனிகோடோடு போய்விட்டது, அது நியாயம்தான். ஆனால் இடமாற்றம் தெரியாத இப்படிப்பட்ட எளிய கருவியில், எண்ணுக்கு ஒரு வடிவம் என்பது அழகாகப் பொருந்துகிறது. டேஸ்16 எழுத்துரு ஒன்றைக் கொடுத்து, யூனிகோடிலிருந்து மாற்றும் சிறு அட்டவணையைச் சேர்த்தால் இஎஸ்பிஹோம் எதையும் சிதறடிக்காது. நாள்தோறும் மாறும் சொற்கள், குறளோ காய்கறிப் பட்டியலோ, காட்ட விரும்புகிறவர்களுக்கு இதைச் சொல்வேன்.

உங்கள் பலகைக்கு மூன்றாவது வழி போதும். உங்களிடம் மொத்தம் இருபது சொல் இருக்குமா? ஒவ்வொன்றையும் கணினியில் எழுதிப் படமாக்கி, பலகையின் நினைவகத்தில் வைத்துவிடுங்கள். 200×48 புள்ளிப் படம் 1,200 பைட், இருபது சொல்லுக்கு 24,000. எண்கள் மட்டும் வழக்கம்போல எழுத்துருவிலிருந்து.

அளவைப் பற்றி ஒரு வேண்டுகோள். உங்கள் திரையில் ஒரு புள்ளி 0.2 மில்லிமீட்டர். 48 புள்ளி உயரம் பத்து மில்லிமீட்டர் வரும், எட்டடியிலிருந்து படிக்கலாம். இருபது புள்ளிக்குக் கீழே போகாதீர்கள். சாம்பல் நிழல் இல்லாத திரையில் ணகரத்தின் சுழிகள் அடைத்துக்கொள்ளும், ன எது ண எது என்று தெரியாது. மெல்லிய எழுத்துருவும் வேண்டாம், புள்ளி காணாமல் போனால் ‘நிறுத்து’ நிறுதது ஆகிவிடும்.

#17 தொட்டிநீர்

இரண்டு வாரம் கழித்து வருகிறேன்.

மோட்டார்ப் பெட்டியில் இருபத்தைந்து நிமிட நேரக்கட்டுப்பாடும் சம்ப்பில் மிதவை சுவிட்சும் வைத்தாகிவிட்டது. பழையவானொலி ஐயாவுக்கு என் நன்றி. அட்டையை மாற்றினேன். அளவிக்கு ‘எக்ஸ்பயர் ஆஃப்டர்’ 1800. பேட்டரி, தொடர்பு இரண்டுக்கும் தனிப் பக்கங்கள், தமிழில். சொற்கள் மொத்தம் பதினேழுதான் வந்தன.

சோதிக்க வேண்டுமென்றே ரௌட்டரை அணைத்தேன். முப்பது நிமிடத்தில் திரை இரண்டு முறை மினுங்கி, எண்கள் மறைந்து, ‘தொடர்பு இல்லை. மாடியில் பார்க்கவும்’ என்று வந்தது. அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “இப்போதுதான் உண்மையைச் சொல்கிறது” என்றார்.

பிறகு ஒரு திருத்தமும் சொன்னார். 85% என்பது அவருக்கு ஒன்றும் சொல்லவில்லையாம். “இன்று துணி துவைக்கலாமா கூடாதா, அதைப் போடு” என்றார். அதனால் எண்ணைச் சிறிதாக்கி, மேலே பெரிய எழுத்தில் நான்கு நிலை வைத்தேன்: நிறைந்திருக்கிறது, துவைக்கலாம், சமையலுக்கு மட்டும், மோட்டார் போடவும். கடைசி நிலைதான் கறுப்புப் பட்டையில் வரும்.

யூனிட் வரியிலும் இதையே செய்தேன். வெறும் எண்ணோடு ‘500-க்கு இன்னும் 140’ என்று வருகிறது. இரண்டு மாதத்தில் 500-ஐத் தாண்டினால் கட்டண வீதமே மாறி, முன்பு ஓடிய யூனிட்டுகளுக்கும் சேர்த்துக் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கிறது அல்லவா? கணக்கெடுக்க வரும் நாளில் அம்மா பொத்தானை ஐந்து விநாடி அமுக்கிப் பிடித்துப் பூஜ்யமாக்கிக்கொள்கிறார்.

ஒரு சிக்கல் மிச்சம். நிலை மாறும்போது பழைய எழுத்தின் நிழல் லேசாகத் தங்குகிறது.

#18 இரவுப்பணி

திரையில் மாறிய இடத்தை மட்டும் வரையும் பகுதிப் புதுப்பிப்பையே தொடர்ந்து செய்கிறீர்கள். ஐந்து முறைக்கு ஒருமுறை முழுப் புதுப்பிப்பு கொடுங்கள். ஒரு நாளில் ஒருமுறையாவது திரை முழுதாக வெள்ளையாகி மீண்டும் வரையப்பட வேண்டும், அதிகாலை மூன்று மணிக்கு வைத்துவிடுங்கள். வரைந்து முடித்ததும் திரைக்கு உறக்கக் கட்டளை போகிறதா என்றும் பாருங்கள். மின்னழுத்தத்திலேயே விட்டுவைத்தால் திரை கெடும். அடுப்பு வெப்பமும் நேர் வெயிலும் படாத சுவர்தானே?

#19 தொட்டிநீர்

வடக்குச் சுவர், அடுப்பிலிருந்து ஏழடி. வெயில் படாது. உறக்கக் கட்டளை போகவில்லை, இப்போதுதான் கவனித்தேன். மாற்றிவிட்டேன், நிழலும் போய்விட்டது.

#20 சுழியெழுத்து

அந்தப் பதினேழு சொற்படங்களையும் இங்கே ஏற்ற முடியுமா? ‘துவைக்கலாம்’ என்பதில் வகரத்தின் சுழி 48 புள்ளியில் எப்படி விழுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். நானும் என் அத்தைக்கு ஒன்று செய்யப் போகிறேன்.

#21 தொட்டிநீர்

ஞாயிறன்று ஏற்றுகிறேன். வகரம் தெளிவாக இருக்கிறது. ‘சமையலுக்கு’ என்பதில்தான் ஐகாரக் கொம்பு ஒரு புள்ளி தடித்துவிட்டது, அதைத் திருத்திவிட்டுத் தருகிறேன். உங்கள் அத்தை வீட்டில் தொட்டி எத்தனை லிட்டர் என்று சொல்லுங்கள், நான்கு நிலைக்கும் வரம்பு போட்ட அட்டவணையையும் சேர்த்துத் தருகிறேன்.